ட்ரையத்லானுக்கு ஷூவும் சைக்கிளும்: விலைக்கு முன்னால் அளவு

காலை ஆறு மணிக்கு வேலூர் கோட்டைப் பக்கம் போனால் ஓடுகிறவர்களைப் பார்க்கலாம். அவர்களில் சிலருக்கு, பத்து கிலோமீட்டர் ஓட்டம் பழகியதும், நீச்சலும் சைக்கிளும் ஓட்டமும் சேர்ந்த ட்ரையத்லான் போட்டியில் ஆசை வருகிறது. அது நல்ல ஆசைதான். ஆனால் பேச்சு உடனே சாமான்களுக்குத் தாவிவிடுகிறது. ‘கார்பன் பிளேட் ஷூ இல்லாமல் வேகம் வராது’, ‘சைக்கிள் எட்டு கிலோவுக்கு மேல் இருக்கவே கூடாது’, ‘தட்டைப் பாதம் என்றால் அதற்கென்று தனி ஷூதான் போட வேண்டும்’ என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். மூன்றிலும் கொஞ்சம் உண்மை உண்டு. புதிதாக வருகிறவர் இவற்றை அப்படியே நம்பினால் காசும் போகும், முழங்காலும் போகும்.

இந்தக் கட்டுரையில் நான் திரும்பத் திரும்பச் சொல்லப்போவது ஒன்றுதான். ட்ரையத்லானில் ஓட்டம் கடைசியில் வருகிறது. சைக்கிளிலிருந்து இறங்கிய கால்களோடுதான் ஓட வேண்டும். சைக்கிளைத் தப்பான அளவில் வாங்கினால், அதன் பலனை ஓடும்போதுதான் அனுபவிப்போம். அதனால் ஷூவை உங்கள் பாதத்தைப் பார்த்து வாங்குங்கள். சைக்கிளை, அதற்குப் பிறகு வரும் ஓட்டத்தை மனதில் வைத்து வாங்குங்கள்.

முதலில் தூரம்

ட்ரையத்லான் என்பது நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் இடைவெளி இல்லாமல் அடுத்தடுத்து முடிக்கும் போட்டி. ‘ஸ்பிரிண்ட்’ என்ற சிறிய வகையில் 750 மீட்டர் நீச்சல், 20 கி.மீ. சைக்கிள், 5 கி.மீ. ஓட்டம். 2000 சிட்னி ஒலிம்பிக்கில் முதன்முதலாகச் சேர்க்கப்பட்ட வகையில் 1.5, 40, 10 கி.மீ. ‘அயர்ன்மேன்’ என்ற நெடுந்தூர வகையில், அதே வரிசையில், 3.8, 180, 42.2 கி.மீ. கோவாவில் 2019-இல் தொடங்கிய போட்டி அயர்ன்மேனில் சரிபாதித் தூரம்.

எந்த வகையானாலும் நேரத்தில் பெரும்பங்கு சைக்கிளில்தான் போகிறது. முதல் போட்டிக்கு ஸ்பிரிண்டே போதும். இனி சொல்வதெல்லாம் அந்த நிலையில் இருப்பவர்களுக்கு.

ஷூவின் அளவு: ஆம்பூர்க்காரர்களைக் கேளுங்கள்

ஷூ எப்படி உருவாகிறது என்பதை நம் பக்கத்து ஆட்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று இந்த வட்டாரம் முழுக்கத் தோல் பதனிடுவதும் ஷூ தைப்பதும்தான் பலருக்குப் பிழைப்பு. ஷூ கம்பெனியில் வேலை பார்த்த யாரைக் கேட்டாலும் ‘லாஸ்ட்’ என்ற பேச்சு வரும். பாத வடிவத்தில் செய்த அச்சுதான் லாஸ்ட். மேல்பகுதியை அதன்மேல் இழுத்துப் பிடித்துத்தான் அடிப்பகுதியோடு சேர்ப்பார்கள். அச்சின் அகலம், விரல் பக்கத்து வளைவு, குதிகால் குறுகல் எல்லாம் கம்பெனிக்குக் கம்பெனி வேறு.

ஒரு கம்பெனியின் 8-ஆம் நம்பர் கச்சிதமாக இருக்க, இன்னொன்றின் 8 கடிப்பது இதனால்தான். நம்பரை நம்பாதீர்கள். சாயங்காலம், கால் கொஞ்சம் வீங்கியிருக்கும் நேரத்தில், ஒரு தாளைச் சுவரோரம் போட்டுக் குதிகாலைச் சுவரில் ஒட்டி நில்லுங்கள். நீளமான விரலின் நுனியில் பென்சிலால் கோடு போட்டு அளந்து கொள்ளுங்கள். சிலருக்கு நீளமான விரல் கட்டை விரலாக இருக்காது, இரண்டாவது விரலாக இருக்கும். இரண்டு காலையும் அளந்து பெரியதை எடுத்துக்கொள்ளுங்கள்.

கடையில் செய்யக்கூடிய இன்னொரு சோதனை உண்டு, யாரும் செய்வதில்லை. ஷூவுக்குள் இருக்கும் மெல்லிய இன்சோலை உருவித் தரையில் போட்டு அதன்மேல் ஏறி நில்லுங்கள். விரல் நுனிக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்க வேண்டும். பக்கவாட்டில் சுண்டுவிரல் இன்சோலைத் தாண்டி வெளியே வழிந்தால் அந்த ஷூ உங்களுக்கு ஆகாது, எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் சரி. ஓட ஓடப் பாதம் முன்னால் நகரும், வெயிலில் வீங்கும். வேலூர் மே மாதத்தில் வெயில் 40 டிகிரியைத் தாண்டுவது புதிதல்ல. முன்பக்கம் இடம் இல்லாத ஷூவில் ஓடினால் நகம் கறுத்துப் போகும்.

நுரையும் பிளேட்டும்

ஷூவில் தரையைத் தொடும் ரப்பர் பகுதி அவுட்சோல். அதற்கும் பாதத்துக்கும் நடுவில் இருக்கும் தடித்த நுரைதான் மிட்சோல். ரன்னிங் ஷூவின் விலையில் பெரும்பகுதி இந்த நுரையில்தான் இருக்கிறது.

நுரைக்குள் கணக்கில்லாத காற்றுக் குமிழ்கள் இருக்கின்றன. கால் ஊன்றும்போது அவை நசுங்குகின்றன, எடுக்கும்போது விரிகின்றன. நசுக்கக் கொடுத்த ஆற்றலில் எவ்வளவு திரும்பி வருகிறது என்பதில்தான் நுரைக்கு நுரை வித்தியாசம். ஈவிஏ என்ற வழக்கமான நுரை மலிவு, நீண்ட நாள் உழைக்கும், திருப்பித் தருவது குறைவு. பீபா என்ற நுரை அதிகம் திருப்பித் தரும், எடையும் குறைவு, ஆனால் விலை அதிகம். சீக்கிரம் தளர்ந்தும் போகும். எந்த நுரையானாலும் ஒரு கட்டத்தில் குமிழ்கள் முழுதாக விரியாமல் நின்றுவிடும். பொதுவாக 500 முதல் 800 கி.மீ. வரை ஒரு ஜோடி தாங்கும் என்பார்கள். மிட்சோலின் பக்கவாட்டில் ஆழமான குறுக்குச் சுருக்கங்கள் நிரந்தரமாகத் தெரிந்தால், அடிப்பக்கம் புதிதுபோல இருந்தாலும் உள்ளே நுரை சோர்ந்துவிட்டது. அப்புறம், வெயிலில் பூட்டிய காருக்குள் ஷூவைப் போட்டு வைக்காதீர்கள். சூட்டில் நுரையும் கெடும், ஒட்டிய பசையும் விடும்.

கார்பன் பிளேட் என்பது மிட்சோலுக்குள் வைக்கப்படும் விறைப்பான, வளைந்த தகடு. 2017-இல் அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் நடந்த ஆய்வில், நைக்கியின் அத்தகைய ஷூ ஓட்டத்துக்குத் தேவையான ஆற்றலைச் சராசரியாக 4 சதவீதம் குறைத்தது. பேச்செல்லாம் அதிலிருந்துதான் கிளம்பியது. ஆனால் அந்த ஆய்வில் ஓடியவர்கள் நல்ல பயிற்சி பெற்றவர்கள். ஓடிய வேகம் மணிக்கு 14 கி.மீ. முதல் 18 கி.மீ. வரை. மெதுவாக ஓடும்போது பலன் குறைகிறது, ஆளுக்கு ஆள் மாறுகிறது. பிளேட்டைவிட அதைச் சுற்றியிருக்கும் நுரைக்குத்தான் அதிகப் பங்கு என்று பிற்பாடு வந்த ஆய்வுகள் காட்டுகின்றன. கிலோமீட்டருக்கு ஏழு நிமிடம் எடுக்கும் ஒருவர் தினசரிப் பயிற்சிக்கு இதை வாங்குவது வீண் செலவு என்பது என் உறுதியான கருத்து. உயரமான, மெத்தென்ற நுரையில் திருப்பங்களில் கணுக்கால் ஆடவும் செய்யும். சாலைப் போட்டிகளுக்கு அடித்தடிமன் 40 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது என்று உலகத் தடகள அமைப்பே வரம்பு வைத்திருக்கிறது.

தட்டைப் பாதம் என்ற பயம்

ஈரக் காலைத் தரையில் பதித்துப் பார்த்து, முழுத் தடமும் விழுந்தால் தட்டைப் பாதம், அதற்கு ஒரு ஷூ, வளைவு அதிகமானால் வேறு ஷூ என்று பிரித்துக் கொடுப்பது பல கடைகளில் வழக்கம். கேட்க அறிவியல்போலவே இருக்கும். அமெரிக்காவின் தரைப்படை, விமானப்படை, மரைன் படை மூன்றிலும் புதிதாகச் சேர்ந்தவர்களை வைத்து இதைப் பெரிய அளவில் சோதித்தார்கள். பாத வடிவத்தைப் பார்த்து ஷூ கொடுத்த குழுவுக்கும், எல்லாருக்கும் ஒரே வகை ஷூ கொடுத்த குழுவுக்கும் காயங்களில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை.

அப்படியென்றால் எதை வைத்துத் தேர்வது? போட்டுக்கொண்டு ஓடிப் பார்த்து, எது இதமாக இருக்கிறதோ அதை. பல பத்தாண்டுகள் இதையே ஆராய்ந்த கனடாவின் கால்கரி பல்கலைக்கழகப் பேராசிரியர் பென்னோ நிக் முன்வைத்ததும் ஏறத்தாழ இதுதான். உடம்பு தனக்கு ஒத்துப்போகும் ஷூவை இதமாக உணர்கிறது, அந்த உணர்வை மதிக்கலாம் என்றார் அவர். ஏற்கனவே காலில் வலி இருப்பவர்கள், சர்க்கரை நோய் உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைப் பார்த்துவிட்டு வாங்குவது நல்லது.

இதுவரை சொன்னது: நம்பரைப் பார்க்காமல் பாதத்தை அளந்து வாங்குங்கள். முன்னால் ஒரு கட்டைவிரல் இடம் விடுங்கள். இதமாக இருப்பதே முதல் தகுதி. பிளேட்டை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

ஈரக் கால்

ட்ரையத்லானில் ஷூ சந்திக்கும் நிலைமை வேறு. நீச்சல் முடித்து வந்த கால் ஈரமாக இருக்கும், உச்சியில் ஊற்றிக்கொள்ளும் தண்ணீரும் ஷூவுக்குள் இறங்கும். பலர் சாக்ஸ் இல்லாமலே ஓடுவார்கள். ஆகவே வாங்கும்போது ஷூவுக்குள் கையை விட்டுத் தடவிப் பாருங்கள். தையல் புடைத்திருக்கும் இடம் விரலில் தட்டினால், அங்கேதான் கொப்புளம் வரும். மேல்பகுதி காற்றோட்டமான வலைத்துணியாக இருக்கட்டும். கயிற்றைக் கழற்றிவிட்டு எலாஸ்டிக் லேஸ் போட்டால் முடிச்சுப் போடும் நேரம் மிச்சம். சாக்ஸ் இல்லாமல் ஓடுவதைப் போட்டி நாளில் முதன்முதலாகச் செய்யாதீர்கள்.

சைக்கிள்: சண்டை காற்றோடு

பெங்களூர் சாலையில் பேருந்து வேகமாகப் போகும்போது ஜன்னலோரம் கையை லேசாக நீட்டிப் பார்த்த அனுபவம் எல்லாருக்கும் சின்ன வயதில் இருக்கும். (பிள்ளைகள் நீட்டினால் கண்டிப்பாகத் தடுங்கள், ஆபத்து.) உள்ளங்கையை விரித்துக் காட்டினால் காற்று கையைப் பின்னால் தள்ளும். தட்டையாகத் திருப்பினால் தள்ளுவது குறையும். கையின் எடை மாறவில்லை, காற்றுக்குக் காட்டிய பரப்புத்தான் மாறியது.

சைக்கிளில் நடப்பதும் இதுவே. சமதளத்தில் மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் போகிறவரைத் தடுப்பதில் பெரும்பகுதி காற்று. அந்தக் காற்றுத் தடையில் ஏறத்தாழ முக்கால் பங்கு ஓட்டுகிறவரின் உடம்பால் வருகிறது, சைக்கிளால் வருவது மிச்சம்தான். வேகம் கூடக்கூட இது தாறுமாறாக ஏறும். மணிக்கு 25 கி.மீ.-லிருந்து 30-க்குப் போனால் வேகம் 20 சதவீதம்தான் கூடுகிறது. ஆனால் காற்றைக் கிழிக்க மட்டும் ஏறத்தாழ 73 சதவீதம் கூடுதல் சக்தி வேண்டும், ஏனென்றால் அந்தச் சக்தி வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தில் வளர்கிறது.

இதனால்தான் எடைப் பேச்சு பாதி உண்மை. ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போது எடை உறைக்கும். ஆனாலும் கணக்குப் போட்டுப் பாருங்கள். நீங்களும் சைக்கிளும் சேர்ந்து 80 கிலோ, ஏற ஒரு மணி நேரம் என்று வைப்போம். சைக்கிளில் ஒரு கிலோ குறைத்தால் ஒரு நிமிடத்துக்கும் குறைவாகவே மிச்சமாகும். சமதளத்தில் அதுவும் இல்லை. அந்த ஒரு கிலோவுக்குக் கடைக்காரர் கேட்கும் பணம்தான் தலை சுற்ற வைக்கும்.

எந்த வகை?

கடைகளில் மூன்று பெயர்களைக் கேட்பீர்கள். நேரான ஹேண்டில்பார் உள்ளது ஹைப்ரிட். ஆட்டுக்கொம்புபோல வளைந்த ஹேண்டில்பார் உள்ளது ரோடு பைக். முழங்கைகளை முன்னால் ஊன்றிப் படுத்தபடி ஓட்டுவது டிடி பைக்.

டிடி பைக்கில் சீட்டைத் தாங்கும் குழாய் கூடுதல் செங்குத்தாக இருக்கும். அதனால் உடம்பு முழுவதும் பெடலுக்கு மேலாக முன்னால் சாய்கிறது. முதுகு தாழ்ந்தாலும் தொடைக்கும் வயிற்றுக்கும் நடுவே இடம் கிடைக்கிறது. காற்றுத் தடை குறையும், இடுப்பும் மடங்கிக் கிடக்காது, இறங்கி ஓட வசதி. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த நிலையில் கை பிரேக்கில் இருக்காது. காட்பாடி சாலையில் ஷேர் ஆட்டோ திடீரென்று ஓரம் கட்டும், நாய் குறுக்கே வரும், நெடுஞ்சாலையில் லாரி உரசிக்கொண்டு போகும்போது காற்று பக்கவாட்டில் தள்ளும். முதல் சைக்கிளாக டிடி பைக்கை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

ஒலிம்பிக் ட்ரையத்லானில் ஏன் டிடி பைக் இல்லை என்று கேட்பார்கள். அங்கே டிராஃப்டிங் உண்டு. முன்னால் போகிறவரின் முதுகுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு காற்றைத் தவிர்ப்பதுதான் டிராஃப்டிங். கூட்டமாக நெருங்கி ஓட்டும் இடத்தில் பிரேக்கில் கை இருக்க வேண்டும், அதனால் ரோடு பைக்தான். நம்மைப் போன்றவர்கள் கலந்துகொள்ளும் பெரும்பாலான போட்டிகளில் டிராஃப்டிங் கூடாது. முன்னால் போகும் சைக்கிளுக்கு 10 அல்லது 12 மீட்டர் இடைவெளி விட வேண்டும். காற்றைத் தனியாகத்தான் சமாளிக்க வேண்டும்.

எனவே என் வரிசை இது. வீட்டில் நல்ல ஹைப்ரிட் இருந்தால் முதல் ஸ்பிரிண்டை அதிலேயே முடியுங்கள். புதிதாக வாங்குவதென்றால் ரோடு பைக். ஒரு வருடம் ஓட்டி நிதானம் வந்தபின், முழங்கை ஊன்றும் ஏரோ பார்களைத் தனியாக வாங்கி அதிலேயே பொருத்திக்கொள்ளலாம். அது எவ்வளவோ மலிவு.

சட்டகத்தின் அளவு

காற்றைக் குறைக்கக் குனிய வேண்டும் என்றதும், முடிந்த மட்டும் குனிந்துவிடுகிறார்கள் சிலர். இரண்டு மணி நேரம் முதுகு மடங்கி, தொடை வயிற்றில் இடித்து, கழுத்தைத் தூக்கிப் பார்த்துக்கொண்டே ஓட்டியபின் ஓட இறங்கினால் நிமிரவே முடியாது. சைக்கிள் ஓட்டும் நேரம் முழுக்க எந்தக் குனிவை அசையாமல் தாங்க முடியுமோ, அதுதான் உங்களுக்கான குனிவு.

சட்டகம், அதாவது ஃப்ரேம், பெரிதாக இருந்தால் ஹேண்டில்பாரை எட்டிப் பிடிக்க வேண்டியிருக்கும். சீட்டை உயர்த்துவது, தாழ்த்துவது எல்லாம் வீட்டிலேயே செய்யலாம். சட்டகத்தின் நீளத்தை யாராலும் மாற்ற முடியாது. ஆகவே கடையில் வண்ணத்தையும் கியர் எண்ணிக்கையையும் பார்ப்பதற்கு முன்னால், ‘என் உயரத்துக்கு எந்த சைஸ்?’ என்று கேளுங்கள். உங்கள் சைஸ் இல்லையென்று பக்கத்து சைஸைத் தலையில் கட்டப் பார்த்தால் அன்றைக்கு வெறுங்கையோடு திரும்புங்கள்.

சீட் உயரத்துக்கு எளிய வழி உண்டு. யாரையாவது சைக்கிளைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி ஏறி உட்காருங்கள். பெடலை அடிமட்டத்துக்குக் கொண்டுவந்து அதன்மேல் குதிகாலை வையுங்கள். முழங்கால் நேராக நிற்க வேண்டும். அப்புறம் வழக்கம்போலப் பாதத்தின் முன்பகுதியால் மிதித்தால் முழங்காலில் தேவையான சிறு மடிப்பு தானாக வந்துவிடும்.

இதுவரை சொன்னது: சைக்கிளில் பெரிய தடை காற்று, அதில் பெரும்பங்கு உங்கள் உடம்பு. உடம்பின் நிலையைத் தீர்மானிப்பது சட்டகத்தின் அளவும் சீட் உயரமும்.

கியர், டயர்

பெடல் அருகே இருக்கும் பல்சக்கரத்தின் பல் எண்ணிக்கையைப் பின்சக்கரத்துப் பல்சக்கரத்தின் பல் எண்ணிக்கையால் வகுத்தால் கியர் விகிதம் வரும். முன்னால் 50 பல், பின்னால் 11 பல் என்றால் பெடல் ஒரு சுற்றுக்குச் சைக்கிள் ஏறத்தாழ ஒன்பதரை மீட்டர் ஓடும். முன்னால் 34, பின்னால் 32 என்றால் இரண்டேகால் மீட்டர்தான். முதலாவது வேகத்துக்கு, இரண்டாவது மேட்டுக்கு. மொத்தம் எத்தனை கியர் என்பது முக்கியமில்லை, கடைசி இலகு கியர் எவ்வளவு இலகு என்பதைப் பாருங்கள். கனமான கியரில் முக்கி முக்கி மிதித்தால் தொடை ஓட்டத்துக்கு முன்பே தீர்ந்துவிடும். நிமிடத்துக்கு 80, 90 சுற்று சுழலும்படி இலகுவாக மிதிப்பது ஓடப்போகும் கால்களுக்கு நல்லது.

டயரின் பக்கவாட்டில் 700x25, 700x28 என்று எழுதியிருக்கும். இரண்டாவது எண் மில்லிமீட்டரில் அகலம். கணியம்பாடி வழியாக அமிர்தி போகும் சாலை, பாலாற்றங்கரைச் சாலைகள் என்று எங்கே போனாலும் ஓரத்தில் சீமைக்கருவேல முள் கிடக்கும். 28-க்குக் குறையாமல் போடுங்கள். பம்ப், ஒரு உபரி டியூப், டயர் கழற்றும் லீவர் மூன்றும் சீட்டுக்கு அடியில் இருக்கட்டும். பஞ்சர் போடத் தெரிந்துகொள்ளாமல் ஊரைத் தாண்டாதீர்கள்.

ஹெல்மெட்டை விலை உயர்ந்ததாக வாங்க வேண்டியதில்லை. தலையில் ஆடாமல் இருந்தால் போதும். போட்டியில் ஹெல்மெட் பட்டியைப் பூட்டிய பிறகுதான் சைக்கிளைத் தொட வேண்டும். ஓட்டி முடித்து, சைக்கிளை நிறுத்தும் இடத்தில் மாட்டிய பிறகுதான் பட்டியைக் கழற்ற வேண்டும். இதை மீறினால் தண்டனை உண்டு.

இரண்டையும் சேர்த்துச் சோதிப்பது

சைக்கிள் ஓட்டிவிட்டு உடனே இறங்கி ஓடும் பயிற்சியை ‘பிரிக்’ என்பார்கள். முதல் சில நிமிடங்கள் கால் கனப்பது எல்லாருக்கும் உண்டு, பழகப் பழகக் குறையும். வாங்கியது சரியா என்று இந்தப் பயிற்சிதான் சொல்லும். வாரம் ஒருமுறை, ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டு இருபது நிமிடம் ஓடினால் போதும்.

கனம் வேறு, வலி வேறு. முழங்காலின் முன்பக்கம் வலித்தால் பெரும்பாலும் சீட் தாழ்வாக இருக்கிறது. முழங்காலுக்குப் பின்னால் இழுத்தால், அல்லது மிதிக்கும்போது இடுப்பு இரண்டு பக்கமும் ஆடினால், சீட் உயரம் அதிகம். உள்ளங்கை மரத்துப்போனால் எடை கையில் இறங்குகிறது. சீட்டின் மூக்கு கீழே சாய்ந்திருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் ஹேண்டில்பாரைக் கிட்டே கொண்டுவர வேண்டும். கீழ்முதுகு பிடித்து ஓட்டத்தில் நிமிர முடியவில்லை என்றால் ஹேண்டில்பாரை உயர்த்துங்கள். ஓட்டத்தில் மட்டும் கால்விரல் மரத்துப்போனால் எலாஸ்டிக் லேஸ் இறுக்கமாக இருக்கலாம். ஒரு தடவைக்கு ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள், அதுவும் சீட்டில் ஐந்து மில்லிமீட்டருக்கு மேல் வேண்டாம். மாற்றுவதற்கு முன் சீட் தண்டில் பழைய உயரத்தை இன்சுலேஷன் டேப்பால் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.